சேராத செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘எண்ணிக்கை அக்கா’ என்றே பெயர். பதினெட்டு வருடமாக ஒரே வேலை. எலியின் தசைச் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பாள். ஆறாம் நாள் அவை ஒன்றோடொன்று சேர்ந்து நீள நார்களாக மாறும். புது மருந்தைக் கலந்த பிறகும் அப்படிச் சேர்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்க்க வேண்டும். சேரவில்லையென்றால் அந்த மருந்து மனிதர்களின் தசையையும் கெடுக்கலாம்.

மூட்டு வீக்கத்துக்கான மருந்து ஒன்று அவள் மேசைக்கு வந்தபோது மனசு துள்ளியது. பஸ் ஓட்டும் தம்பிக்கு அதே நோய்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்க விரல்கள் மடங்க மறுத்தன. “நல்ல மருந்துடா, வந்துடும்,” என்று வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். அவனும் நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டான்.

மருந்தில்லாத தட்டில் நூற்றுக்கு எழுபது செல்கள் சேர்ந்திருந்தன. மருந்து போட்ட தட்டில் பதினொன்று. கை தவறியிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி செய்தாள். ஒன்பது. மூன்றாம் முறை எல்லாவற்றையும் புதிதாக எடுத்துச் செய்தாள். பன்னிரண்டு.

“நிச்சயமா?” என்றார் மேலாளர்.

“நிச்சயம்தான் சார்.”

கையெழுத்துப் போட்டாள். மருந்தைக் கைவிட்டார்கள். அது யாரையும் முடக்கவில்லை, அதனால் யாரும் நன்றி சொல்லவும் இல்லை.

தான் கையெழுத்துப் போட்டதைத் தம்பியிடம் அவளே சொன்னாள். ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் அவனுக்கு வேலை போனது. அவன் மனைவி முகத்துக்கு நேராகவே கேட்டாள்: “எலி செல்லு மேல இருக்குற அக்கறை கூடப்பொறந்தவர் மேல இல்லையா அண்ணி?”

இரண்டு வருடம் கழித்து வேறொரு கம்பெனி அதே வகை மருந்தைக் கடைக்குக் கொண்டு வந்தது. அக்கா வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் தம்பி சாப்பிட்டான். வீக்கம் வடிந்தது. ஒரு ஞாயிறு காலை அவள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்து, அவள் முன்னால் முஷ்டியை மடக்கிக் காட்டினான்.

“பாத்தியா? நீ தப்பா எண்ணிட்டே.”

அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் கண் அவன் காலுக்குப் போனது. “படி ஏறினா தொடை கனக்குதாடா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”

“நான் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதே!”

கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

எட்டு மாதத்தில் நாற்காலியை விட்டு எழவே முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் கிடந்தான். செய்தி கேட்டு ஓடிப்போனவளைத் தம்பி மனைவி வாசலிலேயே மறித்தாள். “அன்னிக்கு வாய் வெச்சீங்க, பலிச்சிடுச்சு. இப்ப சந்தோஷமா?”

மருந்தை நிறுத்தினார்கள். காலில் பாதி பலம்தான் திரும்பியது. விரல்கள் பழையபடி வீங்கிக்கொண்டன. தம்பி அவள் போனை எடுப்பதே இல்லை.

விஷயம் மேலாளர் காதுக்கும் எட்டியது. அவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, “அப்ப அன்னிக்கு நாம கண்டது கரெக்ட்டுதான், பாத்தீங்களா!” என்று முகம் மலரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.