கோசாரா அண்ணியின் ரேடியோ

பீரோத் ஊரில் வீடோமிர் போல நிதானமான பஸ் டிரைவர் கிடையாது. ஓய்வு பெற்றபின் அந்த நிதானம் பழைய ரேடியோக்கள் பக்கம் திரும்பியது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் ஒளிந்திருக்கும் என்று, அதை வெளியேற்றிவிட்டுத்தான் கை வைப்பார். "என்னைத் தொடறதுக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிச்சதில்ல" என்பாள் அவர் மனைவி ஸ்தானியா.

இலையுதிர் காலத்தில் அண்ணி கோசாரா தன் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தாள். செத்துப்போன அண்ணன் லியூபிசாவ் அதன் முன்னால்தான் மாலைகளைக் கழிப்பார். அவர் போனபின் அதை யாரும் போடவில்லை. வீட்டில் அவருடையது என்று மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

"நம்ம குடும்பப் புனிதர் நிக்கோலா திருநாளுக்கு இது பாடணும் தம்பி" என்றாள்.

வீடோமிர் ஒயரை மாற்றினார், காகிதம் சுற்றிய பழைய கண்டென்சர்களை மாற்றினார். தடித்த அலுமினியக் குப்பி போலிருந்த கண்டென்சர் ஒன்றை மட்டும், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைத்தார். பீரோத்காரர்கள் பாக்கெட்டில் கை விடுவது குளிருக்காக மட்டும்தான் என்று மற்ற ஊர்க்காரர்கள் சும்மா சொல்வதில்லை.

திருநாள் காலையில் சோதித்தார். மின்சாரம் நேரே ரேடியோவுக்குப் போகாமல் ஒரு குண்டு பல்பு வழியாகப் போகும்படி பலகையில் இணைத்திருந்தார். ரேடியோ நலமாக இருந்தால் பல்பு மினுக்கி மங்கிவிடும். அது முழுசாக எரிந்தது. கோளாறு அந்தக் குப்பியில்தான். தன் கஞ்சத்தனத்தைத் தானே திட்டிக்கொண்டு, ரேடியோவை அலமாரிமேல் வைத்து, பின்னல் துணியையும் போட்டு மூடினார். அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

மெழுகுவர்த்தி எரிந்தது. மேஜையில் பொரித்த கெண்டையும் சுட்ட பீன்ஸும். வழக்கப்படி வீட்டுக்காரர் வீடோமிர் உட்காராமல் நின்று பரிமாறினார். மேஜையின் முதல் இடத்தில் கூம் புதிமிர், வீடோமிரின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர்; அந்த உறவால் இருவரும் ஒருவரையொருவர் கூம் என்றே அழைப்பார்கள். அன்றைக்குக் கூம் கேட்டதை இல்லை என்று சொல்வது, விருந்தாளி முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு கூம் கேட்டார்: "என்ன கூமே, ரேடியோ அழகுக்கா? போடு, கேப்போம்."

"இன்னிக்கு வேணாம் கூமே. உள்ள கோளாறு இருக்கு."

"பஸ்ஸை மலைமேல ஓட்டினவன், பொட்டிக்குப் பயப்படறியே!" எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு நிமிஷந்தானே தம்பி, போடேன்" என்று கோசாராவும் கெஞ்சினாள்.

வீடோமிர் பிளக் துளையை மறைத்துக்கொண்டு நின்றார். "மாட்டேன்."

சிரிப்பு நின்றது. கூம் மடியிலிருந்த துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். ஸ்தானியாவுக்கு முகம் வெளுத்தது. கூம் கோபித்துக்கொண்டு போன வீடு என்ற பெயர் எளிதில் போகாது.

வீடோமிர் பல்புப் பலகையை எடுத்துவந்து ரேடியோவை மாட்டினார். பல்பு பளீரென்று எரிந்து எல்லார் முகத்திலும் வெளிச்சம் அடித்தது.

"நேரா மாட்டியிருந்தா இந்தச் சூடெல்லாம் பொட்டி வயித்துலதான். ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிடும். கருகினா வேற கிடைக்காது. அண்ணன் ரேடியோ அதோட போச்சு" என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கினார்.

கோசாரா வாயைப் பொத்திக்கொண்டாள். கூம் கொஞ்ச நேரம் அணைந்த பல்பையே பார்த்தார்.

"சரி சரி, அந்தக் கெண்டையை இப்படித் தள்ளு" என்று உட்கார்ந்தார். ஸ்தானியா தட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மறுவாரமே வீடோமிர் மனசாரக் காசு கொடுத்துப் புதுக் கண்டென்சர் வாங்கிப் போட்டார். பல்பு மினுக்கி மங்கியது. கூமுக்கும் அண்ணிக்கும் ஆள் அனுப்பினார். நேரே மாட்டும் மரியாதையைக் கூமுக்கே கொடுத்தார்.

முதலில் ஒரு முனகல். பிறகு ரோமானியாவிலிருந்து ஒரு பெண் குரல், ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை.

"நல்ல பாட்டா வைக்கட்டுமா அண்ணி?" வீடோமிர் திருகில் கை வைத்தார்.

"கையை எடு!" கோசாரா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. "இவதான்! நான் கத்தினா உங்க அண்ணனுக்குக் காது கேக்காது. இந்த ரோமானியாக்காரிக்கு மட்டும் ராத்திரி வரைக்கும் தலையாட்டிக்கிட்டு இருப்பாரு. எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் இவளுக்காக."

அவள் நாற்காலியை ரேடியோவுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பேசட்டும் விடு."