அம்மாவுக்கு ஐந்து எழுத்து

வங்காளத்தில் ஒருத்தி "த்யாத்" என்று சொன்னால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வெட்கத்தில் சொன்னால் "ச்சீ, போ". சலிப்பில் சொன்னால் "அட, விடு". காதலனிடம் சொன்னால் வேறு, மாமியாருக்குத் தெரியாமல் முணுமுணுத்தால் வேறு. நீலாவதி இருபது வருஷமாக இந்த யோசனையில்தான் சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் அவளுடைய அலுவலகம். வங்காள சீரியல்களுக்கு சப்டைட்டில் எழுதிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. அவள் அப்பா கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். குவார்ட்டர்ஸில் விளையாடிப் பழகிய வங்காளமும், வீட்டில் அம்மா விடாமல் பேச வைத்த தமிழும் பின்னால் ஒரு வேலையாக மாறும் என்று யாரும் நினைக்கவில்லை. டைப்பிங் படித்தாள், ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தாள், யாரோ சொல்லி இங்கே வந்தாள். வந்தவள் ஒட்டிக்கொண்டாள். ஆபீஸில் எல்லோருக்கும் அவள் நீலாதி, அதாவது நீலா அக்கா.

இத்தனை வருஷமும் அவள் வேலை செய்தது ஒரு பழைய, அழகில்லாத சாஃப்ட்வேரில். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அதில் காட்சி ஓடும், கீழே எழுதலாம், சேமிக்கலாம். அவ்வளவுதான். திறந்தால் உடனே திறக்கும், மூடினால் மூடும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்ததே இல்லை, காலில் பொருந்திப்போன செருப்பைப் பற்றி யாரும் நினைக்காத மாதிரி.

போன துர்கா பூஜைக்குப் பிறகு அது மாறியது. சீரியல்களை வாங்கிக் காட்டுகிற சேனல், இனிமேல் எல்லா வேலையும் தங்களுடைய புது ஆன்லைன் தளத்தில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மேனேஜர் சந்தீப் எல்லோரையும் கூப்பிட்டு பெரிய திரையில் காட்டினார். பளபளவென்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நீலாவதியும்தான்.

மறுநாள் காலை அவள் உட்கார்ந்தாள். தளம் திறந்தது, மூடிக்கொண்டது, புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. புதுப்பித்தது. போனுக்கு ஓடிபி அனுப்பியது. அதைப் போட்டால், 'புது வசதிகளைச் சுற்றிப் பார்க்கலாமா?' என்று கேட்டது. வேண்டாம் என்றால், 'பிறகு நினைவூட்டட்டுமா?' என்றது. ஒரு மூலையில் சின்ன மஞ்சள் பொம்மை ஒன்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே வார்த்தையைத் தானே முடித்து வைத்தது. 'வந்துட்டு' என்று அடித்தால் 'வந்தனம்' ஆனது. பழக்க தோஷத்தில் சேமிக்கிற பட்டனை அழுத்தினால், 'யாருக்குப் பகிர வேண்டும்?' என்று ஒரு ஜன்னல் வந்து நின்றது. அரைகுறையாக எழுதிய எபிசோடை அவள் ஒருதடவை சேனலுக்கே அனுப்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் போட வேண்டியிருந்தது.

இதெல்லாம் எரிச்சல்தான். எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சிவப்பு.

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து என்று தளத்தில் ஒரு விதி. தாண்டினால் வரி சிவப்பாகும். ஒரு வரி சிவப்பாக இருந்தாலும் எபிசோடை அனுப்ப முடியாது. பட்டன் மங்கிப்போய் நிற்கும். நீலாவதி எழுதுகிற வரிகளில் பாதிக்கு மேல் சிவந்தன. பழைய சாஃப்ட்வேரிலும் அவளுக்கு அளவு தெரியும், கண்பார்வையிலேயே வெட்டி வைப்பாள். இப்போது அந்தக் கண் தப்பாகிவிட்டதா? வயசாகி வளவளவென்று எழுத ஆரம்பித்துவிட்டோமா?

அவள் வெட்டினாள். "நீ எப்ப வந்தே, ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?" என்பது "எப்ப வந்தே?" ஆனது. கிண்டல் போனது, செல்லம் போனது, "வாங்க, உட்காருங்க" போய் "உட்காருங்க" மட்டும் நின்றது. கொஞ்ச நாளில், சென்னையிலிருந்து தமிழைச் சரிபார்க்கிற சிவராமகிருஷ்ணன் என்பவர் ஒரு குறிப்பு அனுப்பினார். "அம்மா, உங்க வேலையைப் பல வருஷமாப் பார்க்கிறேன். இப்ப எல்லாரும் தந்தி அடிக்கிற மாதிரிப் பேசறாங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அதனால்தான் இன்னும் வலித்தது.

லேக் கார்டன்ஸ் வீட்டில், சாப்பிடும்போது கணவர் சௌந்தரராஜனிடம் சொன்னாள். அவர் வங்கி அதிகாரி. சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"எங்க பேங்க் கம்ப்யூட்டர் குடும்பப் பேர் இல்லாம என்னை மனுஷனாவே ஒத்துக்கலை. சௌந்தரராஜன் சௌந்தரராஜன்னு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். ஐடி கார்டுல அப்படியேதான் இருக்கு. வாட்ச்மேன் என்னை டபுள் சார்னு கூப்பிடறான். நான் என்ன அழுதேனா?"

"உங்களுக்குப் பேர் கூடுச்சுங்க. எனக்குக் குறையுது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வேலையை விட்டுடலாம்னு தோணுதா?"

"தோணுது" என்றாள். அதுவரை அதை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வாரம் வந்த எபிசோடில் ஒரு காட்சி. மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பையில் திணிக்கிறாள். அழ மாட்டேன் என்று பிடிவாதம். வங்காளத்தில் அவள் சொல்வதை நீலாவதி இப்படி எழுதினாள்: 'வழியில பசிச்சா சாப்பிடு, யார்கிட்டயும் கேட்டுட்டு நிக்காதே.'

சிவப்பு.

இரண்டாக உடைக்கலாம் என்றால் கீழ்வரியில் மகனுடைய பதில் வர வேண்டும், அங்கே இடமில்லை. 'பசிச்சா சாப்பிடு' என்று வெட்டினாள். பச்சை ஆனது. காட்சியை ஓட்டிப் பார்த்தாள். திரையில் அந்த நடிகை அழுகையை அடக்கிக்கொண்டு பேசிக்கொண்டே போகிறாள், கீழே இரண்டு வார்த்தை செத்துக் கிடக்கிறது. நீலாவதி வெட்டியதை எல்லாம் திரும்ப எழுதினாள். எழுந்து நேரே சந்தீப்பிடம் போனாள்.

"சந்தீப், இந்த எபிசோடை நான் அனுப்பப் போறதில்லை."

சந்தீப் நல்லவர், பயந்தவர். "நீலாதி, தளம் அவங்களோடது. விதி அவங்களோடது. நாம என்ன பண்ண முடியும்? கொஞ்சம் சுருக்கி..."

"சுருக்கிச் சுருக்கித்தான் இங்க வந்து நிக்கிறேன். நான் எழுதறது நீளம்னு அது சொல்லுது. நீளம் இல்லைன்னு என் கண்ணு சொல்லுது. யாராவது ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லணும். அந்த மஞ்சள் பொம்மை இல்லை, மனுஷன்."

பக்கத்து மேஜையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சுப்ரியா. காது கேளாதவர்களுக்காக வங்காள வசனத்தை வங்காளத்திலேயே எழுதுகிறவள்; நன்றாக எழுதுவாள், அதிகம் பேச மாட்டாள்.

"நீலாதி, உங்களுக்கும் சிவப்பு வருதா?"

"உனக்கு?"

"எல்லாம் சிவப்புதான். எனக்குத்தான் எழுத வரலைன்னு நினைச்சேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டறேன். யார்கிட்டயும் சொல்லலை." அவள் குரல் இழுத்தது. "வேலை போயிடுமோன்னு."

நீலாவதிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே கஷ்டத்தை ஆளுக்கொரு பக்கமாக மறைத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பேர் என்றதும் சந்தீப்புக்கும் தைரியம் வந்தது. சேனலுக்கு எழுதினார், சேனல் தளத்தைச் செய்த கம்பெனிக்கு எழுதியது. முதலில் வந்தது உதவிக் கட்டுரை: 'குறைவான சொற்களில் எழுதுவது எப்படி?' சந்தீப்பே அதைப் படித்துவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னார். மறுபடி எழுதினார். கடைசியில் ஒரு முற்பகலில் வீடியோ அழைப்பில் அந்தக் கம்பெனியிலிருந்து ரோஹித் என்று ஓர் இளைஞர் வந்தார். களைத்த முகம், ஆனால் காது கொடுத்துக் கேட்கிற முகம்.

"மேடம், நாற்பத்திரண்டு எல்லா இடத்திலும் இருக்கிற அளவுதான். திரையில் அதுக்கு மேல படிக்க முடியாது."

"சரி. நான் அதுக்குள்ளதான் எழுதறேன்" என்றாள் நீலாவதி. "என் திரையைப் பார்க்கிறீங்களா? உங்களுக்குத் தமிழ் தெரிய வேண்டாம். எண்ணத் தெரிஞ்சா போதும்."

வெற்று வரியில் 'அம்மா' என்று அடித்தாள். "இது எத்தனை எழுத்து? கண்ணால பார்த்துச் சொல்லுங்க."

ரோஹித் கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தார். "மூணு... மூணுதானே?"

"மூணுதான். உங்க தளம் என்ன சொல்லுது?"

மூலையில் சின்னதாக 5 என்று இருந்தது.

சுப்ரியா மெதுவாக விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வங்காளத்தில் 'ஸ்த்ரீ' என்று அடித்தாள். மனைவி. வங்காளத்தில் அது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஒரே எழுத்து மாதிரி நிற்கும். தளம் 6 என்றது.

"புள்ளியைத் தனியா எண்ணுது" என்றாள் நீலாவதி. "காலைத் தனியா எண்ணுது. கொம்பைத் தனியா எண்ணுது. அதெல்லாம் எழுத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கறது, தம்பி. தனியா இடம் கேக்கறதில்லை."

ரோஹித் தன் பக்கத்தில் ஏதோ அடிப்பது கேட்டது. பிறகு திடீரென்று சிரித்தார்.

"மேடம், என் பேரை ஹிந்தியில் அடிச்சேன். மூணு எழுத்து. அஞ்சுன்னு காட்டுது. என் பேரே நீளமாம்!" சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "ஹிந்தி டீமும் இதே தளத்துலதான் எழுதறாங்க. அவங்க ஒண்ணும் சொல்லவே இல்லையே. வெட்டிக்கிட்டே இருந்திருப்பாங்களோ?"

"இருந்திருப்பாங்க" என்றாள் சுப்ரியா.

ரோஹித் தேடினார். கணக்கிடும் முறையையே மாற்ற வேண்டும் என்றால் மாதக்கணக்கில் ஆகும், அதை எழுதிப் போடுகிறேன் என்றார். "ஆனா கொஞ்சம் இருங்க" என்றார். அமைப்புகளுக்குள் ஓர் அமைப்பு, அதற்குள் 'மேம்பட்டவை', அதற்குள் இன்னொன்று. மொழிவாரியாக அளவு என்று ஓர் இடம் இருந்தது; தமிழுக்கும் வங்காளத்துக்கும் அங்கே நாற்பத்திரண்டைவிடக் கூடுதல். எல்லா சீரியலையும் ஆங்கில அளவில் திறந்து வைத்திருந்தார்கள். அதை மாற்றுகிற அதிகாரம் நீலாவதிக்கும் இல்லை, சந்தீப்புக்கும் இல்லை. சேனலில் ஒருவருக்கு மட்டும்தான். அவரையும் அழைப்பில் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள், "அப்படி ஒரு பட்டன் இருக்கா?" என்று வியந்துகொண்டே ரோஹித் சொன்ன இடத்தில் அழுத்தினார்.

திரை ஒருதடவை வெளுத்து, சுற்றி, மறுபடி வந்தது. சிவப்பு இல்லை.

நீலாவதி மேலிருந்து கீழ் வரை உருட்டிப் பார்த்தாள். மறுபடி கீழிருந்து மேலே. ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது. படித்துப் பார்த்தாள். அது நிஜமாகவே நீளம்தான், அவள் தப்பு. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு சுப்ரியாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தீப் கீழே போய் எல்லோருக்கும் மண் குவளையில் டீ வாங்கி வந்தார், தானே தூக்கிக்கொண்டு.

அம்மா பொட்டலம் திணிக்கிற காட்சியை நீலாவதி ஓட்டினாள். 'வழியில பசிச்சா சாப்பிடு, யார்கிட்டயும் கேட்டுட்டு நிக்காதே.' வரி முழுசாக, அடக்கமாக, அந்த நடிகையின் முகத்துக்குக் கீழே நின்றது.

முன்பே வெட்டி அனுப்பியவற்றைத் திருத்தித் தரட்டுமா என்று அவள் கேட்டாள். இன்னும் ஒளிபரப்பாகாததை வாங்கிக்கொள்கிறோம், போனது போனதுதான் என்றது சேனல். அந்த எபிசோடுகள் இன்னும் சேனலின் ஆப்பில் தந்தி பாஷையில்தான் இருக்கின்றன. அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் சங்கடம்தான். தளமும் திருந்திவிடவில்லை. ஓடிபி கேட்கிறது, 'வந்தனம்' சொல்கிறது. மஞ்சள் பொம்மையை ஒழிக்க வழி ரோஹித்துக்கே தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே ஆபீஸை விட்டுக் கிளம்பி, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தாள். வரிசையில் நின்றபடி கணவருக்குப் போன் போட்டாள்.

"என்ன ஆச்சு நீலா?" என்றார் சௌந்தரராஜன், பதறி. அவள் பகலில் போன் செய்கிற ஆளில்லை.

"ஒண்ணும் ஆகலைங்க. நல்லதுதான். பிஸியா இருக்கீங்களா?"

"இருக்கேன். பரவாயில்லை, சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ரோஹித் முகம் எப்படி இருந்தது, சுப்ரியா என்ன சொன்னாள், சேனல்காரம்மா எப்படி வியந்தார், ஒன்று விடாமல். லேக் கார்டன்ஸ் ஆட்டோ வந்தது. பின்னால் நின்றவரை ஏறச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வரிசையிலிருந்து விலகி நிழலில் நின்றுகொண்டு, மிச்சத்தையும் சொன்னாள்.