சோற்றுப் பசையில் ஒட்டிய கிராஃப் ஷீட்

எண்பதுகளின் தொடக்கம். காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறதே என்று தில்லை நகர் கண் டாக்டரிடம் காட்டப் போனால், மனுஷர் ஒரு மணி நேரம் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, விழித்திரைக்கு அடியில மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. கொலாஜன்னு ஒரு புரதம்தான் அதுக்குப் பலம். உங்களுக்கு அது இழுபட்டு அங்கங்க கீறல் விட்டிருக்கு. அது வழியா ரத்தம் கசிஞ்சா நடுப்பார்வை போயிடும்."

கொலாஜன் எனக்குப் புதிதில்லை. தோல், எலும்பு, தசைநாண் என்று பரீட்சையில் அளந்துவிட்டு மார்க் வாங்கியவன். கண்ணை மட்டும் சாய்ஸில் விட்டிருந்தேன்.

"கிராஃப் ஷீட்ல நடுவுல ஒரு புள்ளி வைங்க. தினம் ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. ஒரு கோடு வளைஞ்சாலும் அன்னிக்கே வந்துடணும்."

மெஸ் சோற்றைப் பிசைந்து ஷீட்டைச் சுவரில் ஒட்டினேன். தினம் காலையில் பல் தேய்க்கும் முன்பே அதன் முன்னால் போய் நிற்பேன். கோடுகள் நேராக இருந்தால்தான் அன்றைக்கு டீ இறங்கும்.

ஐப்பசி மழை பிடித்த வாரம், இடது கண்ணுக்கு நடுக்கோடு நெளிந்தது. வலது கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"டேய், கோடு வளையுதுடா."

ரூம்மேட் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "எனக்குந்தான் வளையுது. சுவர் ஓதம் அடிச்சிருக்கு, நீ சோத்தை வேற அப்பி வச்சிருக்க. பேப்பர் உப்பாம என்னடா செய்யும்? இதுக்குப் போய் மூஞ்சி செத்துப் போச்சு."

விழுந்து விழுந்து சிரித்தேன். புது ஷீட் வாங்கி ஒட்டிப் பார்க்கலாம் என்று மூன்று நாள் தள்ளினேன். கடை இரண்டு நிமிஷ நடைதான். பேப்பர்மேல் பழி போட்டவரைக்கும் நிம்மதியாக இருந்தது.

நாலாம் நாள் சித்தி வீட்டுக்கு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தின்மேல் பஸ் நின்றது. முன்னால் ஒரு விளக்குக் கம்பம். சும்மா இருக்காமல் இடது கண்ணை மூடினேன். நேராக நின்றது. வலதை மூடினேன். நடுவில் இடுப்பொடிந்து நின்றது.

அதை யாரும் சோறு போட்டு ஒட்டவில்லை.

"அண்ணே, இங்கயே இறங்கிக்கிறேன். திரும்பித் தில்லை நகர் போகணும்."

"பாலத்துல எப்படி இறக்கறது?" என்றார் கண்டக்டர். "மாம்பழச் சாலையில இறங்கி எதிர் பஸ் பிடிங்க."

அதுவரை இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.