விளக்கைப் போட்டால் குதிக்கும் முள்

போன வருஷ ஊர்வலத்தில் பெர்னடெட்டின் காரை ஆறு ஆண்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டிக்குள் அவள் கணவன் காசிமிர், வலது கை செயலிழந்து, நாக்கும் எழாமல், தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பே சிட்டி ஊர் முழுவதும் நடைபாதையில் நின்று பார்த்தது. அந்தக் காட்சி ஒரு வருஷமாக அவளைத் தூங்கவிடவில்லை.

பதினெட்டு வருஷம் அந்தப் பழைய கார் ஊர்வலத்தை முன்னால் நின்று நடத்தியவன் காசிமிர். ஆரஞ்சு நிற, எட்டு சிலிண்டர், எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. கார் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை செய்தவன். ஸ்க்ரூவின் தலையைக்கூட முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்குவான். போன வருஷ ஊர்வலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இஞ்சினைக் கழற்றி, அதன் பின்னாலிருக்கும் தகடு முழுவதற்கும் புதிதாக பெயின்ட் அடித்து மறுபடி மாட்டினான். மார்ச் மாதம் பக்கவாதம் வந்து விழுந்தான். அந்த மே மாதம் முதல் முறையாக பெர்னடெட் ஸ்டியரிங்கைப் பிடித்தாள், கார் நின்றது.

ஆகவே, குற்றம் அவளுடையது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஊர்வலத்தை நடத்தும் பழைய கார் சங்கத்தின் சட்டம் இரக்கமில்லாதது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் தள்ளப்பட்ட வண்டிக்கு ஊர்வலத்தில் இடமில்லை. காசிமிருக்கு வருஷத்தில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு நாள்தான். அதையும் பறிகொடுத்தால் அவன் படுக்கையை விட்டு எழவே மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த மே மாதக் கடைசித் திங்களன்று, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் நாற்பது வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு மூலையில் சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவன் டுவேன் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"போய்ச் சேர்ந்த நம்ம ஆளுங்களுக்காக எல்லாரும் முன்விளக்கைப் போடுங்க."

பட்டப்பகலில் விளக்கெரிய ஊர்வலம் போவது அவர்களுடைய வழக்கம். பக்கத்தில் காசிமிர் உட்கார்ந்திருக்க, பெர்னடெட் விளக்கைப் போட்டாள். சூடு காட்டும் முள் துள்ளிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எண்ணெய் அழுத்த முள்ளும் கூடவே ஏறியது. இஞ்சின் இரண்டு முறை இருமி அணைந்தது.

டுவேன் வந்து கதவில் சாய்ந்தான்.

"என்ன பெர்னி, இந்த வருஷமும் தள்ளணுமா? கொதிச்சுப்போச்சு பாரு. நிறைய ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்ப."

"அஞ்சு நிமிஷமா சும்மா நிக்குது. எதை மிதிக்கிறது?"

"காயில் மாத்தச் சொன்னேன்."

"மாத்தினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மாத்தச் சொன்ன, மாத்தினேன். கார்பரேட்டரைப் பிரிக்கச் சொன்ன, உன் மச்சான்தான் பிரிச்சான். எர்த்தைப் பாருங்கன்னு போன வருஷமே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, ஒருத்தன் காதுல வாங்கினானா?"

"ஒயர் எல்லாம் ஜம்முன்னு இருக்கே. காசிமிர் முடுக்கினதாச்சே. ஓரமா நிறுத்தும்மா, பின்னாடி வண்டி நிக்குது."

அந்த 'ஓரமா' என்ற சொல் அவளைச் சுட்டது. அதே தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் ஒயர் பின்னியவள் அவள். இவன் வாங்கிய முதல் காரின் ஒயர்கூட அவள் விரல்களைத் தாண்டித்தான் வந்திருக்கும். அவளைப் பார்த்தா ஓரமாக நிறுத்தச் சொல்கிறான்?

அவள் இறங்கவில்லை. சாவியை மட்டும் திருப்பி, விளக்கை அணைத்தாள். இரண்டு முட்களும் சரிந்தன. போட்டாள், குதித்தன.

"டுவேன், இங்க வந்து பாரு. விளக்கை அணைச்சா இஞ்சின் சூடு குறையுமா? உங்க வீட்ல அப்படித்தானா?"

யாரோ சிரித்தார்கள். டுவேன் சிரிக்கவில்லை.

"பெட்ரோல் முள் ஆடவே இல்ல. அதுக்குச் சேதி பின்னால டேங்க்லேர்ந்து வருது. ஆடுறது ரெண்டும் இஞ்சின்லேர்ந்து சேதி வாங்குற முள். அப்போ இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல எர்த் தொடர்பு சரியா இல்ல. விளக்கு கரென்ட்டை இழுத்ததும், பாடியில மாட்டியிருக்குற இக்னிஷன் பெட்டி பட்டினி கிடக்குது. பத்து மாசமா காயில், காயில்னு கழுத்தறுத்தீங்களே."

டிக்கியிலிருந்து தடித்த பேட்டரி ஒயரை எடுத்து வந்தாள். கறுப்பு ஒயரின் ஒரு முனையை இஞ்சினில் கவ்வவிட்டாள். மறுமுனையைக் கதவுக் கீலின் வெறும் இரும்பில். சாவியைத் திருப்பியதும் எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. முட்கள் நடுவில் நின்றன, அசையவில்லை.

இஞ்சினை அணைத்து, ஸ்பேனரோடு குனிந்தாள். இஞ்சினையும் பின்தகட்டையும் இணைக்கும் பின்னல் பட்டை புதுசு மாதிரி மின்னியது. அதை அவள் ஒருநாளும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. காசிமிர் முடுக்கியது தப்பாக இருக்காது என்று அவளும்தானே நம்பினாள். இப்போது போல்ட்டைக் கழற்றினாள்.

அடியில் இரும்பே இல்லை. கண்ணாடி போல மூன்று பூச்சு ஆரஞ்சு பெயின்ட். அதன் மேலேயே பட்டையை வைத்து முடுக்கியிருந்தது.

எந்தக் கைகளின் அழகைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாளோ, அந்தக் கைகளின் வேலை.

"எந்த மடையன் பெயின்ட் மேலயே முடுக்கினான்?" என்றான் டுவேன்.

நாற்பது வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாகச் சுமந்த பழியை இறக்கி வைக்க ஒரு பெயர் போதும். உள்ளே உட்கார்ந்திருந்தவனை அவள் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள். "கழுவுறப்போ கழற்றி, நான்தான் மாட்டினேன்."

"அதானே பார்த்தேன்," என்றான் டுவேன்.

கார்க் கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள். காசிமிர். இடது கையால், வெளிப்பக்கத் தகட்டில், மறுபடி மறுபடி. எல்லோரும் திரும்பியதும் அந்தக் கையை மடக்கித் தன் நெஞ்சில் குத்திக் காட்டினான். வாய் கோணி, கண்ணீர் வழிய, மூன்று தடவை. பிறகு அவளை நோக்கி அதே கையை நீட்டி, அவள் இல்லை என்பதுபோல ஆட்டி, டுவேனை முறைத்தான்.

சாஸேஜ் சுட்டவர்கள்கூட அடுப்பை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்கள்.

டுவேன் தொப்பியைக் கழற்றினான். "பெர்னி, நான் வந்து..."

"உப்புத்தாள் இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம். சும்மா விடமாட்டேன்."

காசிமிரின் கண்ணெதிரிலேயே அவள் பெயின்ட்டைத் தேய்த்தாள். பட்டை உட்காரும் அகலத்துக்கு வெள்ளையாக இரும்பு தெரிந்தது. தன் வண்டியில் ஒரு கீறலைக்கூடப் பொறுக்காதவன் அவன். இன்னும் தேய் என்பதுபோல விரலை ஆட்டினான்.

முதல் வண்டியாக அவர்கள் சாலையில் இறங்கினார்கள். டுவேனின் கார் இரண்டாவதாக வந்தது. ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்வரை காசிமிர் கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகுதான் இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அசைத்தான்.