டாக்டரம்மா ரூம் திரைக்கு வெளியே நான்

மனசு டாக்டர் வாசலில் வேலை பார்ப்பவளுக்கு ஊரார் மனசெல்லாம் காதில் விழும். அவள் மனசு மட்டும் யார் காதிலும் விழாது.

பட்டணத்திலிருந்து வாரம் ஒரு நாள் காஞ்சிபுரம் வந்து, ஒரு வாடகை ரூமில் நோயாளிகளைப் பார்ப்பார் எங்கள் டாக்டரம்மா. பெருக்கி, பெஞ்சு போட்டு, ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவது என் வேலை. இடுப்பில் கைக்குழந்தை.

என் வீட்டுக்காரரும் அங்கே ஒரு நோயாளிதான். என் மாமனார், காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழியில் உட்கார்ந்தபடியே மாரடைத்துப் போனார். அன்றிலிருந்து இவர் குழியில் காலை வைத்தால் வேர்த்து நடுங்கும். தறி ஓடாத வீடு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஆவி என்று தாயத்துக் கட்டினார்கள். டாக்டரம்மாவோ, உடம்பு பயத்தைப் பழகிக்கொண்டது, பழகினதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்க வைக்கலாம் என்றார்.

வீட்டில் வாயே திறக்காத புருஷன் வாய்த்த சகோதரிகளே, இனி வருவது உங்களுக்கு.

நைலக்ஸ் சேலை

டாக்டரம்மா கட்டுவது நைலக்ஸ், மில்லில் ஓடுகிற நைலான் சேலை. பட்டு நெய்கிற என் வீட்டுக்காரர் அதை மன்னிப்பாரா? மன்னித்தார். என்னிடம் "சோறு போடு" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர், அங்கே போய் அப்பா செத்த கதை, சின்ன வயசில் பட்ட அடி, கனவு எல்லாம் சொன்னார். நடுவில் சிரிப்பு வேறு. திரைக்கு வெளியே துடைப்பத்தோடு நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்தவர் முகம் தெளிந்திருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "எவ்வளோ பொறுமையா கேக்கறாங்கமே! நடுவுல ஒரு வார்த்த குறுக்க பேசல."

நானும்தான் பேசினதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து.

சாமி வரும் பெண்

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளெல்லாம் அவளுக்குச் சாமி வந்துவிடும். டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அந்தப் பெண் அழுதாள். மேலே படிக்கணுமாம். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் ஒரு மூச்சு அழுதிருப்பேன்.

பெஞ்சில் காத்திருந்த அவள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு கத்தினாள்: "எம் பொண்ணு மேல வந்துக்கினு இருக்கறது சாமி. நீங்க சாமிகிட்ட கேக்காம, அவகிட்ட இன்னா கேக்கறீங்க?"

என் துடைப்பம்

செவிலிமேட்டு அம்மா ஒருவர். கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது. அதற்கு வைத்தியம், அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருப்பது. தொட வைத்தது என் துடைப்பத்தை. டாக்டரம்மாவும் கூடவே தொட்டு, அந்தக் கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் அதே துடைப்பத்தைப் பிடிக்கிற என் கையை ஒருத்தரும் பிடித்ததில்லை.

சில வாரத்தில் அவர் கையில் புதுத்தோல் வந்துவிட்டது. போகும்போது என்னிடம் கேட்டார்: "இந்தத் தொடப்பத்த எனக்கே குடுத்துடறியாமா? வேறத தொட்டா இவ்ளோ தைரியம் வருமோ என்னமோ."

குழி

என் வீட்டுக்காரருக்கும் அதே மாதிரிதான் வைத்தியம். முதலில் தறி ரூம் வாசப்படியில் நிற்கணும். நடுக்கம் அடங்கினால் குழி ஓரத்தில் உட்காரணும். அப்புறம் ஒரு கால். எல்லாம் செய்தார், மூச்சுக்கு மூச்சு "டாக்டரம்மா சொன்னாங்க" என்றுகொண்டு. இன்னொரு காலை மட்டும் இறக்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அப்படியே குழி ஓரத்தில் உட்கார்ந்து, "ஏமே, இங்க வாயேன்" என்றார். பாவாடைப் பருவத்திலிருந்து யாரிடமும் குரல் உயர்த்தாத எனக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ. "ஏன், அந்த நைலக்ஸ்காரியையே இட்டாந்து பக்கத்துல குந்த வெச்சிக்கோங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். திரைக்குள்ளிருந்து கேட்குமே, அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே இரண்டாவது காலையும் இறக்கிவிட்டார். இறக்கினது அவருக்கே தெரிந்ததோ இல்லையோ. எங்கள் தறியில் இருந்தது கோர்வைச் சேலை, உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறமாகக் கோத்து நெய்வது. அதற்கு ஒற்றை ஆள் போதாது, எதிர்க் கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் பக்கத்தில் வேண்டும்.

"அந்தம்மாவுக்குக் கரை நாடா தள்ளத் தெரியுமா?" என்றார். "கொழந்தயத் தூளில போட்டுட்டு நீ வந்து குந்துமே."

மனசைப் பற்றி எல்லாம் தெரிந்த டாக்டரம்மாவுக்குத் தெரியாதது அந்த ஒன்றுதான். அதை நான் கற்றுக்கொடுப்பதாகவும் இல்லை.