பாகீரதி தள்ளிப்போட்ட செக்கப்

வங்காளத்தில், பெஹாலா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வளைகாப்பு என்றால் இன்றும் முதல் போன் பாகீரதிக்குத்தான் போகிறது. முன்பெல்லாம் "என்னிக்கு நாள் பார்த்திருக்கேள்?" என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது, "பொண்ணுக்கு பிரஷர் கடைசியா எப்போ பார்த்தா? எவ்வளவு இருந்தது?" என்று கேட்கிறாள். பதில் வராமல் போனை வைப்பதில்லை. கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். காரணம் தெரியாமல் சிரிக்கிறார்கள்.

கிழவியெல்லாம் இல்லை, ஐம்பத்திரண்டு வயதுதான். அலிப்பூரில் அரசாங்க ஆபீசில் ஹெட் கிளார்க். கணவர் சந்தானம் அதிகம் பேசாதவர். அவர் பங்கையும் சேர்த்து இவள் பேசிவிடுவாள். சமையலுக்கு, வாழையிலைக்கு, சாஸ்திரிகளுக்கு, எதற்கும் அவளிடம் ஆள் உண்டு. கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பி ராம்கியின் மனைவி ப்ரியாவுக்கு ஏழாம் மாதம். ப்ரியாவுக்கு அம்மா இல்லை. பிறந்த வீட்டுப் பொறுப்பையும் பாகீரதி தலையில் போட்டுக்கொண்டு, அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு நாள் குறித்தாள். அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் கிளினிக்கில் ப்ரியாவுக்கு செக்கப். பாகீரதியே போன் செய்து அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றினாள். "முதல்ல செக்கப் முடியட்டுமே" என்றார் சந்தானம், அதிசயமாக வாயைத் திறந்து. "மூணு நாள்ல குடியா முழுகிடப் போறது?" என்று அவரை அடக்கினாள். உண்மையைச் சொன்னால் ப்ரியா கிளினிக்குக்குப் போயே தீருவேன் என்பாள். அதனால் அவளிடமும் ராம்கியிடமும், "டாக்டர் லீவாம், திங்கட்கிழமை வரச் சொல்றா" என்று ஒரு பொய்.

கண்ணாடி வளையல்கள் கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கியவை. இரண்டு வாரம் முன்பு ப்ரியாவின் கையிலேயே போட்டு அளவு பார்த்து எடுத்தவை. வெள்ளிக்கிழமை அவை விரல் மூட்டைத் தாண்டவில்லை. "நாத்தனார் கவனிப்பு பலமா இருக்கு, பொண்ணு நன்னா ஊதிட்டா!" என்று பெண்கள் கேலி செய்தார்கள். பாகீரதிக்கும் சிரிப்பு வந்தது.

"அக்கா, கார்த்தாலேருந்து தலை பிளக்கறது. கண்ணு முன்னாடி என்னமோ மின்னறது" என்றாள் ப்ரியா மெதுவாக.

"ராத்திரி தூங்கியிருக்க மாட்டே. இன்னும் அரை மணி நேரம்தான். முடிஞ்சதும் படுத்துக்கோ."

ப்ரியாவின் கையில் சோப்பைக் குழைத்துத் தடவி, ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றினாள். இரண்டு உடைந்தன. ப்ரியாவின் கண் கலங்கியதைப் பார்த்து, அம்மா நினைவு வந்துவிட்டது, பாவம் என்று பாகீரதி நினைத்துக்கொண்டாள்.

எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! கையும் முகமும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, இதில் ஒன்று வந்தாலே கர்ப்பிணியை அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ரத்த அழுத்தம் எகிறுவதன் அடையாளங்கள் அவை. கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தில் வங்காளியில், படம் போட்டு, எல்லாம் இருந்தது. பாகீரதி வங்காளியைத் தமிழைவிட வேகமாகப் படிப்பாள். அந்தப் புத்தகத்தை அவள் திறந்ததே இல்லை.

சனிக்கிழமை ப்ரியாவுக்கு விலாவுக்குக் கீழே வலித்தது. வாயு என்று சீரகத் தண்ணீர் கொடுத்தாள். ஞாயிறு காலை சமையலறையில் ப்ரியாவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். இருபத்தொன்பது வாரம். தொள்ளாயிரத்து ஐம்பது கிராம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு நாள் இருந்தான். மூச்சைக்கூட மெஷின்தான் இழுத்துக் கொடுத்தது. தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே வந்ததும் ப்ரியா சக்கர நாற்காலியில் போய் ஒரே ஒரு தடவை அவன் காலைத் தொட்டாள். ஆறாம் நாள் நுரையீரலில் ரத்தம் கசிந்து, போய்விட்டான். ராம்கி ஒரு துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தான்.

அன்று டாக்டர் பாகீரதியைத் தனியாகக் கூப்பிட்டு வங்காளியில் சொன்னாள்: "தீதி, வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் பிரஷருக்கு மருந்து கொடுத்திருப்போம். குழந்தையின் நுரையீரல் பலப்பட அம்மாவுக்கு ஊசி போடவும் இரண்டு நாள் கிடைத்திருக்கும். பிழைத்திருப்பான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நல்ல வாய்ப்பு இருந்தது."

பாகீரதி இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் தங்கள் பங்குக்குப் பேசினார்கள். பப்பாளி சாப்பிட்டிருப்பாள், பஸ்ஸில் போயிருப்பாள் என்றார்கள். ப்ரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாத பால் கட்டிக்கொண்டு ரவிக்கையை நனைத்தது. பத்து நாள் பாகீரதி அந்த ரவிக்கைகளைத் துவைத்தாள். பதினோராம் நாள் ப்ரியா சொன்னாள்:

"எல்லாரும் சொல்றது சரிதான் அக்கா. என் உடம்புக்குத்தான் அவனை வெச்சுக்கத் தெரியலை."

பாகீரதி நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். டாக்டர் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இனிமேலும் பொய்யோடு உட்கார அவளால் முடியவில்லை.

"உன் உடம்பு மேல தப்பில்லைடி. டாக்டர் லீவுன்னு சொன்னது பொய். நான்தான் செக்கப்பை மாத்தினேன். அன்னிக்குப் போயிருந்தா அவன் இருந்திருப்பான்."

ப்ரியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பாகீரதி கன்னத்தில் ஒரு அறையை எதிர்பார்த்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள்.

"தலை வலிக்கறதுன்னு நான் உங்ககிட்டதானே சொன்னேன், அக்கா?" என்றாள் ப்ரியா.