பதில் வராத வசவு

தக்கோ அக்கா காலையில் யாரையாவது திட்டவில்லை என்றால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் வேலை ஓடாது. பாலைவன ஓரத்து ஜிந்தேர் நகர ஆஸ்பத்திரியில் அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே வாயையும் ஓட்டுகிற வித்தையை அவளிடம்தான் பார்த்தேன். ஃபுலானிப் பெண், மாடு மேய்க்கிற குடும்பம், கூடாரத்தில் பிறந்தவள். படித்து, வேலைக்கு வந்து, புருஷனைப் பறிகொடுத்து, பெண்களைக் கட்டிக்கொடுத்து, இன்னமும் மாட்டை அதட்டுகிற குரலில்தான் பேசுவாள். ஆய்வுக்கூடத்துக்குள் யாராவது பேரீச்சம்பழம் மென்றால் தொலைந்தார்கள்.

அவள் வாய்க்குத் தினப்படி தீனி கியாரி. சுற்றுவட்டாரச் சுகாதார நிலையங்களில் நோயாளிகளின் முதுகுத்தண்டில் எடுத்த நீரைப் பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுவருகிறவன். கனூரி ஆள். எங்கள் பக்கம் ஃபுலானியும் கனூரியும் சந்தித்தால் கேலி பேசியே ஆகவேண்டும். மாமன் மச்சான் கேலி மாதிரிதான், ஆனால் இரண்டு குலத்துக்கும் மொத்தமாக. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வசவுக்குப் பதில் வசவு தராமல் போவதுதான் மரியாதைக் குறைவு.

“வாடா, எங்க தாத்தா சந்தையில வாங்கிட்டு வந்தவனே! எஜமானியப் பாத்தா குனிஞ்சு சலாம் வைக்கத் தெரியாதா?”

“கனூரிக்காரன் கழுத்து ஃபுலானிக்கு வளையாது. உன்னை உங்கப்பன் ஒரு குடுக்கை மோருக்கு வித்துட்டுப் போனவன்தானே!”

தினமும் இதே வரிகள்தான். எங்களுக்கும் மனப்பாடம். ஆனாலும் கேட்காவிட்டால் டீ இறங்காது.

ஹர்மத்தான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் மாதங்களில் எல்லோருக்கும் தொண்டை வறண்டு உதடு வெடித்துக் கிடக்கும். அப்போதுதான் சங்கராவ் வரும். விறைத்துப்போதல் என்று அதற்குப் பொருள். மூளையைச் சுற்றிய உறை வீங்கி, கழுத்து கட்டையாகிவிடும். முதுகுத்தண்டு நீர் நல்லதென்றால் கிணற்றுத் தண்ணீர் போல இருக்கும், கெட்டதென்றால் கஞ்சி வடித்தது போலக் கலங்கும். அந்த மாதங்களில் கியாரியின் பெட்டி கனக்கும். அக்கா அதே வேகத்தில் திட்டுவாள், கை மட்டும் இரண்டு மடங்கு ஓடும்.

ஒருநாள் கியாரி கேட்டான். “தொண்டையில கெடக்கிற கிருமி மண்டைக்குள்ள எப்படிப் போவுது?”

“ரத்தத்துல எறங்கிப் போவுது. ஆனா மூளைக்குள்ள ஓடுற ரத்தக்குழாய்க்குக் காவல் சுவர் உண்டு. செல்லும் செல்லும் நெருக்கமா ஒட்டிக்கிட்டு நிக்கும், கண்டதும் உள்ள போவ முடியாது. இந்தக் கிருமி ஒரு நஞ்சு வச்சிருக்கு. அது அந்தச் செல்லுல ஓட்டை ஓட்டையாப் போடுது. சுவரு இளகினதும் உள்ள பூந்துடுது. கூப்பிடாத வீட்டுக்குச் சுவரை இடிச்சுக்கிட்டு வர்றது, அப்படியே உங்க ஆளுங்க புத்தி!”

“சுவரைப் பத்தி நீ பேசாத. கூடாரத்துல பொறந்தவ. வீட்டுக்குச் சுவருன்னு ஒண்ணு உண்டுன்னு எங்க ஊருக்கு வந்துதானே கண்ட!”

அக்கா விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பாடத்தைத் தொடர்ந்தாள். “சிரிக்காதடா. மருந்து பட்டுக் கிருமி வெடிக்கிறப்ப மிச்ச நஞ்சையும் கொட்டிட்டுத்தான் சாகும். அது உள்காதுல எறங்குச்சுன்னா காது போச்சு.”

“சாகறப்பவும் கெடுத்துட்டுப் போவுதா? அப்ப அது சத்தியமா ஃபுலானிதான்!”

அன்று முழுக்க அவன் ஜெயித்த களையோடு திரிந்தான். அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். தலைப்பாகையை இறுக்கிக் கட்டியிருந்தான். கண்ணைச் சுருக்கி, கழுத்தைக் கம்பு மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தான்.

“குனிடா! எஜமானி உக்காந்திருக்கேன்.”

குனியவில்லை. “கழுத்து வளையாதாம்ல!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

“எங்க தாத்தா சந்தையில வாங்கினவனே!”

பதில் இல்லை.

“என்னடா, மோர் எங்க? சொல்லு, கேட்டுக்கறேன்.”

பதில் இல்லை. அக்காவின் சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய், ஊரான் ஆம்பிளை என்றும் பாராமல் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கியாரி. தாடையை நெஞ்சுல வை.”

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை. அவனால் தாடையை இறக்க முடியவில்லை. கையிலிருந்து பெட்டி நழுவியது, பாய்ந்து பிடித்தேன். அக்கா போட்ட கூச்சலில் டாக்டர் ஓடிவந்தார்.

ஊசி போட்டார்கள். அவனுடைய முதுகுத்தண்டு நீர் எங்கள் மேசைக்கே வந்தது. கலங்கியிருந்தது.

“நான் பாக்கட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

“எங்க வீட்டு ஆளுடா, சனூசி. நான்தான் பாக்கணும்.”

பார்த்தாள். மைக்ராஸ்கோப்பின் அடியில் அவள் பேசாமல் வைத்துப் பார்த்த ஒரே கண்ணாடித் தகடு அதுதான். பிறகு மெல்லச் சொன்னாள். “சுவருல ஓட்டை போட்டுடுச்சு.”

நினைவில்லாமல் கிடந்தவனின் கால்மாட்டில் நின்று வேலை முடிந்ததும் தினமும் திட்டினாள். மோர், சந்தை, கழுத்து, ஒன்று பாக்கியில்லை. அவன் மனைவி ஃபல்மாதா தடுக்கவில்லை. “திட்டுங்கக்கா. ரோஷம் வந்தாவது எந்திரிக்கட்டும்” என்றாள். செத்துவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன்.

அவன் கண் திறந்தான். ஆனால் டாக்டர் காதருகே கைதட்டியபோது திரும்பவில்லை. அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அன்று அவள் வார்டுக்குப் போகவில்லை. இத்தனை வசவையும் வைத்துக்கொண்டு இனி என்ன செய்வாள், பாவம்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் கேட்டாள்.

“ரொம்ப வலிக்குதாப்பா?”

கியாரி அவள் உதடு அசைவதையே பார்த்தான். வழக்கமான வசவென்று நினைத்தானோ என்னவோ, முகம் மலர்ந்தது. தன் குரலே தனக்குக் கேட்காததால் வார்டு அதிரக் கத்தினான்.

“உன்னை உங்கப்பன் ஒரு குடுக்கை மோருக்கு வித்துட்டுப் போனவன்தானே!”

அக்கா அழுதாள். அழுதுகொண்டே, எஜமானி குனிந்து அவனுக்குச் சலாம் வைத்தாள்.